போர்ப் புகைப்படம் என்னும் சாட்சி: ஓர் எளிய அறிமுகம்

சில மாதங்களுக்கு முன்பு ஒரு காலை, எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. இடிந்த சுவர். எங்கும் சிமென்ட் தூசி. வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சின்ன உடலை மடியில் வைத்தபடி ஒருவர் தரையில் உட்கார்ந்திருந்தார். கூடவே ஒரு வரி: "இதைப் பார்த்தும் மனசு இளகாதவன் மனுசனே இல்லை, எல்லாருக்கும் அனுப்புங்க." எந்த ஊர், எந்த நாள், அந்த மனிதர் யார், எடுத்தவர் யார், எதுவும் இல்லை. என் அத்தை மட்டும் "இது எங்கப்பா நடந்தது?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. சற்று நேரத்தில் ரோஜாப்பூவோடு ஒரு காலை வணக்கம் வந்தது. இறந்த குழந்தையின் படம் மேலே நகர்ந்து மறைந்துபோனது.

இணையத்தில் அந்தப் படத்தைப் போட்டுத் தேடிப் பார்த்தேன். அன்று செய்தியில் ஓடிக்கொண்டிருந்த போருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பல வருடங்களுக்கு முன்பு சிரியாவில் எடுத்தது. குழந்தை இறந்தது உண்மை, அந்த மனிதரின் துயரம் உண்மை. ஆனால் எங்கள் குழுவுக்கு வந்து சேர்ந்தபோது அவர்களுக்கு ஊரும் இல்லை, பெயரும் இல்லை.

அத்தை கேட்டது சின்னக் கேள்விதான். போர்ப் புகைப்படம் எதற்காக, அதில் எது சரி, எது தவறு என்று யோசிக்க நல்ல தொடக்கமும் அதுதான்.

போர்ப் புகைப்படத்தை ஒரு சாட்சி என்று நினைத்துக்கொண்டால் இந்த விஷயம் எளிதாகப் புரியும் என்பது என் எண்ணம். கோர்ட்டில் கூண்டேறும் சாட்சியை நாம் எப்படி நடத்துகிறோம்? அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறோம். அதே நேரம், நீ எங்கே நின்றாய், எவ்வளவு தூரத்தில் இருந்தாய், யார் உன்னை அழைத்துவந்தது என்றும் கேட்கிறோம். சாட்சி பொய் சொல்லலாம். உண்மையைச் சொல்லியும் பாதியை விட்டுவிடலாம். சாட்சியை மிரட்டலாம், கொல்லவும் செய்யலாம். இவை எல்லாமே போர்ப் புகைப்படத்துக்கு நடந்திருக்கின்றன.

பீரங்கிக் குண்டுகள் நகர்ந்த கதை

1855இல் ரோஜர் ஃபென்டன் என்ற ஆங்கிலேயர் கிரிமியப் போர்முனைக்குக் கேமராவோடு போனார். ஒயின் வியாபாரி ஒருவரின் குதிரை வண்டியை வாங்கி அதையே இருட்டறையாக மாற்றியிருந்தார். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவியாக வேண்டிய காலம் அது. ஒரு படத்துக்குப் பல நொடிகள் எல்லாம் அசையாமல் இருக்க வேண்டும். ஓடும் குதிரையையோ வெடிக்கும் குண்டையோ எடுக்கவே முடியாது. அவர் கொண்டுவந்த சுமார் 360 படங்களில் கூடாரங்கள் உண்டு, அதிகாரிகள் உண்டு, துறைமுகம் உண்டு. பிணம் இல்லை. அனுப்பிவைத்தது படங்களை விற்கும் ஒரு பதிப்பு நிறுவனம், ஆதரவு தந்தது அரச குடும்பம். அப்படிப்பட்ட பயணத்தில் பிணங்களுக்கு இடமில்லாமல் போனதில் வியப்பில்லை.

அந்தத் தொகுப்பில் மிகவும் பேசப்படுவது ஓர் ஆளில்லாத பள்ளத்தாக்கின் படம். மண்பாதை முழுக்கப் பீரங்கிக் குண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. அதே இடத்தில், அதே கோணத்தில் இன்னொரு படமும் இருக்கிறது. அதில் பாதை காலி. குண்டுகள் ஓரத்துப் பள்ளத்தில்தான் கிடக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கற்கள் எந்தப் பக்கம் சரிந்திருக்கின்றன என்பதுவரை ஆராய்ந்தவர்கள், காலியான பாதைதான் முதலில் எடுக்கப்பட்டது என்ற முடிவுக்கு வந்தார்கள். அப்படியானால் யாரோ குண்டுகளைத் தூக்கிவந்து பாதையில் போட்டிருக்க வேண்டும். புகைப்படம் போருக்குப் போன முதல் சில வருடங்களிலேயே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போர் முடிந்த பிறகு, அலெக்சாண்டர் கார்ட்னரும் அவருடைய ஆட்களும் இறந்துகிடந்த ஓர் இளம் சிப்பாயின் உடலைப் பாறைகளுக்கு நடுவே ஓர் அழகான இடத்துக்குத் தூக்கிச் சென்று கிடத்தி, பக்கத்தில் ஒரு துப்பாக்கியைச் சாய்த்துவைத்துப் படமெடுத்தார்கள். அவன் குறிபார்த்துச் சுடும் வீரன் என்று குறிப்பும் எழுதினார்கள். அதே உடல் வேறோர் இடத்தில் கிடக்கும் படங்களும் இருப்பதை நூறு வருடங்களுக்குப் பிறகு ஒரு வரலாற்று ஆய்வாளர் கண்டுபிடித்தார்.

இந்தியாவிலும் இது நடந்தது. 1857 நவம்பரில் லக்னோவின் சிக்கந்தர் பாக்கில் பிரிட்டிஷ் படை சுமார் இரண்டாயிரம் சிப்பாய்களைக் கொன்றது. ஃபெலிஸ் பியாட்டோ அங்கே போனது சில மாதங்கள் கழித்து, 1858இல். அவருடைய படத்தில் முற்றம் முழுக்க மண்டையோடுகளும் எலும்புகளும் கிடக்கின்றன. படத்துக்காகவே எலும்புகளைத் தோண்டி எடுத்துப் பரப்பினார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்த எலும்புகள் நம் ஊர்க்காரர்களுடையவை. வென்றவன் தன் வெற்றியைக் காட்டிக்கொள்ள அவர்களை மறுபடியும் மண்ணிலிருந்து எழுப்பினான். போர்ப் புகைப்படத்தின் அறத்தைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் அந்த முற்றம்தான் நினைவுக்கு வரும். நடந்த கொலை உண்மை. படத்தில் இருப்பது கொலையின் சாட்சியமா, கொன்றவனின் பெருமையா?

சரி, எதற்காக எடுக்கிறார்கள்?

நடந்ததை நடக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. நேரடியான பதில் இதுதான்.

1992 வசந்த காலத்தில், போஸ்னியப் போர் முழுதாகப் பற்றிக்கொள்வதற்குச் சற்று முன்பு, பியெலினா என்ற ஊருக்குள் செர்பியத் துணைப்படை ஒன்று நுழைந்தது. அதனுடன் போயிருந்த ரான் ஹாவிவ் என்ற அமெரிக்கர், சிப்பாய்கள் ஒரு முஸ்லிம் குடும்பத்தைத் தெருவில் சுட்டுக்கொன்றதைப் பார்த்தார். ரகசியமாக ஒரு படம் எடுத்தார். நடைபாதையில் மூன்று பேர் விழுந்துகிடக்கிறார்கள். கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்ட ஓர் இளைஞன், விரலிடுக்கில் சிகரெட்டோடு, கீழே கிடக்கும் பெண்ணை உதைக்கக் காலை ஓங்கியிருக்கிறான். அந்த சிகரெட்தான் என்னை உலுக்குவது. எழுத்தில் "அலட்சியமாகக் கொன்றார்கள்" என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த விரலிடுக்கு சிகரெட் சொல்வதைச் சொல்லிவிட முடியாது.

படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. இதைப் பார்த்தால் யாராவது தலையிடுவார்கள், போர் நின்றுவிடும் என்று ஹாவிவ் நம்பினார். நிற்கவில்லை. 1995வரை நடந்தது. சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். ஆனால் பிற்பாடு ஹேக் நகரில் போர்க்குற்றங்களை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயத்தில் அவருடைய படங்கள் சான்றாக வைக்கப்பட்டன. படம் போரை நிறுத்தும் என்று நம்புகிறவர்களுக்கு இது ஏமாற்றம். படத்தால் ஒரு பயனும் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு இது பதில்.

இன்னொரு நோக்கமும் உண்டு. போர் எப்போதும் யாரோ ஒருவர் பெயரால் நடக்கிறது. வரி கட்டுகிறவர்கள், ஓட்டுப் போடுகிறவர்கள், பிள்ளைகளைப் படைக்கு அனுப்புகிறவர்கள். அவர்களுக்கு அது எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தணிக்கைக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் பிணங்களை நெடுநாள் காட்டவே விடவில்லை. 1943 செப்டம்பரில்தான் நியூகினியின் புனா கடற்கரையில் மூன்று பேர் மணலில் கவிழ்ந்துகிடக்கும் ஜார்ஜ் ஸ்ட்ராக்கின் படம் 'லைஃப்' இதழில் வந்தது. அதையும் அரசு அனுமதித்தது உண்மையின்மீதுள்ள பற்றினால் மட்டும் அல்ல. மக்கள் மெத்தனமாக இருக்கிறார்கள், போரின் விலை தெரிந்தால் இன்னும் உழைப்பார்கள் என்ற கணக்கும் இருந்தது. பிறகு 1991 முதல் 2009வரை, டோவர் விமானப்படைத் தளத்துக்கு வந்து இறங்கும் சவப்பெட்டிகளைப் படமெடுக்க அதே நாட்டில் தடை இருந்தது. காட்டுவதிலும் அரசியல் இருக்கிறது, மறைப்பதிலும் இருக்கிறது.

திராங் பாங் சாலை

நம்மில் பலருக்கு வியட்நாம் போர் என்றாலே நினைவுக்கு வருவது ஒரே படம். 1972 ஜூன் 8. தென்வியட்நாம் விமானப்படை விமானம் ஒன்று திராங் பாங் கிராமத்தின்மீது நாபாம் என்ற எரிகுண்டைப் போட்டது. ஒன்பது வயது கிம் ஃபுக், உடையெல்லாம் எரிந்துபோய், கைகளை உடம்பில் படாமல் விரித்தபடி சாலையில் ஓடிவருகிறாள். முன்னால் வாய் பிளந்து அலறும் சிறுவன். பின்னால் புகையைத் திரும்பிப் பார்க்கும் ஒரு பொடியன். அவர்களுக்கும் பின்னால் சில சிப்பாய்கள். அவர்கள் ஓடவில்லை. நடக்கிறார்கள்.

ஒரு படத்தில் எத்தனை பேருடைய முடிவுகள் சேர்ந்திருக்கின்றன என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில், இது முழுப் படம் இல்லை. மூல ஃப்ரேமில் வலது ஓரத்தில் இன்னோர் ஆள் குனிந்து தன் கேமராவில் பிலிம் மாற்றிக்கொண்டிருக்கிறார். பத்திரிகைகளுக்குப் போன படத்தில் அந்த ஓரம் வெட்டப்பட்டுவிட்டது. வெட்டியதால் பார்வை குழந்தைகள்மீது குவிகிறது, உண்மைதான். கூடவே, அந்தச் சாலையில் பல கேமராக்கள் காத்திருந்தன என்ற தகவலும் வெட்டுப்பட்டது.

அடுத்தது, அச்சேற்றுவதா என்ற கேள்வி. உடையில்லாத ஒரு சிறுமியின் படத்தை அனுப்பக் கூடாது என்பது அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் வழக்கமான விதி. சைகோன் அலுவலகத்தில் புகைப்படப் பொறுப்பில் இருந்த ஹோர்ஸ்ட் ஃபாஸ், இந்தப் படத்துக்கு விதிவிலக்கு வேண்டும் என்று வாதாடி அனுப்பவைத்தார். 2016இல் இதே கேள்வி வேறு வடிவில் திரும்பிவந்தது. ஃபேஸ்புக் இந்தப் படத்தை நிர்வாணம் என்று சொல்லி நீக்கியது. நார்வேயின் பத்திரிகை ஒன்று எதிர்த்து எழுதியது. நார்வே பிரதமரே படத்தைத் தன் பக்கத்தில் போட்டார். அதுவும் நீக்கப்பட்டது. எதிர்ப்பு பெருகிய பிறகு நிறுவனம் இறங்கிவந்தது. 1972இல் ஒரு மனிதர் யோசித்து எடுத்த முடிவை 2016இல் ஒரு விதிப்புத்தகம் யோசிக்காமல் எடுத்தது.

படத்துக்கு 1973இல் அமெரிக்காவின் பெரிய பத்திரிகைத் துறை விருதான புலிட்சர் பரிசு வாங்கியவர் நிக் உட் என்ற இளம் வியட்நாமியர். அவர் கிம் ஃபுக்கைத் தன் வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆனால் படத்தை எடுத்தது அவர்தானா என்பதே இப்போது சர்ச்சையாகிவிட்டது. படத்துக்குச் சில்லறைக் காசு வாங்கிய உள்ளூர்ப் படக்காரர் ஒருவர் எடுத்தது என்று ஓர் ஆவணப்படம் வாதிட்டது. 2025இல், பத்திரிகைப் படங்களுக்கு விருது தரும் வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு, எடுத்தவர் பெயரை நிறுத்திவைத்தது. அசோசியேட்டட் பிரஸ், பெயரை மாற்றப் போதிய ஆதாரம் இல்லை என்று தன் பதிவை அப்படியே வைத்திருக்கிறது. எது உண்மையானாலும், போர்களை உலகுக்குக் காட்டும் படங்களில் பெரும்பகுதி பெயர் வெளியே வராத உள்ளூர்க்காரர்களின் உழைப்பு என்பதை இந்தச் சர்ச்சை நினைவூட்டுகிறது.

கடைசியாக, அந்தச் சிறுமி. அவர் பதினான்கு மாதம் மருத்துவமனையில் கிடந்தார். பிழைத்தார். வளர்ந்து கனடாவில் குடியேறினார். படம் எடுத்து ஐம்பது ஆண்டுகள் ஆனபோது, வளரும் வயதில் அந்தப் படத்தை எவ்வளவு வெறுத்தேன் என்று வெளிப்படையாக எழுதினார். ஏன் என்னை மட்டும் உடையில்லாமல் எடுத்தார்கள், அதை ஏன் அச்சடித்தார்கள், மற்ற குழந்தைகள் உடுத்தியிருந்தார்களே என்பது அவருடைய ஆதங்கம். நாளடைவில் அந்தப் படத்தைச் சமாதானத்துக்காகப் பேசும் வாய்ப்பாக மாற்றிக்கொண்டார். ஆனால் அந்த மாற்றத்துக்கான உழைப்பு முழுக்க அவருடையது. உலகம் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. ஒன்பது வயதுக் குழந்தை எரிந்துகொண்டு ஓடும்போது கேட்கவும் முடியாது. படம் வந்திருக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வந்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் விலையைக் கொடுத்தது நாமல்ல, அவர்.

உண்மைதான், ஆனால் பாதி

அதே போரில் இன்னொரு படம். 1968 பிப்ரவரி 1, சைகோன் தெரு. தென்வியட்நாம் காவல்துறைத் தலைவரான தளபதி நுயென் நோக் லோன், கைகள் பின்னால் கட்டப்பட்ட ஒரு வியட்காங் (கம்யூனிஸ்ட் கெரில்லாப் படை) கைதியின் நெற்றிப்பொட்டில் சுடுகிறார். எடி ஆடம்ஸ் எடுத்தது. துளியும் ஜோடனை இல்லை. உலகம் அந்தத் தளபதியை ஒரே நொடியில் எடைபோட்டது. அவர் பிற்காலத்தில் அமெரிக்காவில் ஒரு பீட்சா கடை நடத்தினார். அங்கும் அந்தப் படம் அவரை விடவில்லை.

ஆடம்ஸ் அதற்காக வருந்தினார். தளபதி அந்தக் கைதியைக் கொன்றார், நான் தளபதியை என் கேமராவால் கொன்றேன் என்று எழுதினார். புகைப்படங்கள் திருத்தப்படாமலே பொய் சொல்லும், அவை பாதி உண்மைகள் என்றும் சொன்னார். சுடப்பட்டவன் தென்வியட்நாம் அதிகாரிகளின் குடும்பங்களைக் கொன்றவன் என்று அப்போது சொல்லப்பட்டதை அவர் மனத்தில் வைத்திருந்தார். இதில் நான் ஆடம்ஸோடு முழுதாக உடன்படவில்லை. கைதி எதைச் செய்திருந்தாலும், கட்டிப்போட்ட மனிதனை விசாரணை இல்லாமல் தெருவில் சுடுவது குற்றம். படம் அந்தக் குற்றத்தைச் சரியாகவே காட்டியது. ஆனால் ஒரு நொடியின் ஐந்நூறில் ஒரு பங்கு ஒரு வாழ்க்கை முழுவதற்கும் தீர்ப்பாகிவிடக் கூடாது என்ற அவருடைய கலக்கம் நியாயமானது. சாட்சி தான் கண்டதைச் சொல்லிவிட்டது. முன்னும் பின்னும் என்ன என்று விசாரிக்க வேண்டியது நாம்.

"படமெடுத்ததற்குப் பதில் காப்பாற்றியிருக்கலாமே?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். 1993இல் உள்நாட்டுப் போரும் பஞ்சமும் சேர்ந்து வாட்டிய தெற்கு சூடானில், தரையில் சுருண்ட ஒரு குழந்தையையும் பின்னால் காத்திருக்கும் பிணந்தின்னிக் கழுகையும் கெவின் கார்ட்டர் படமெடுத்தார். அடுத்த வருடம் புலிட்சர் கிடைத்தது. கூடவே உலகெங்கும் இருந்து வசவும். பரிசு கிடைத்த சில மாதங்களில் அவர் தற்கொலை செய்துகொண்டார். குற்றவுணர்ச்சியால்தான் இறந்தார் என்று பாதிக் கதையாகவே இது வாட்ஸப்பில் சுற்றுகிறது. அவர் கழுகை விரட்டிவிட்டார் என்பதும், தென்னாப்பிரிக்க நகரங்களின் கலவரங்களை வருடக்கணக்காக எடுத்து ஏற்கெனவே நொந்துபோயிருந்தார் என்பதும், நெருங்கிய நண்பர் ஒருவரைச் சற்று முன்னர்தான் துப்பாக்கிச்சூட்டில் இழந்திருந்தார் என்பதும் அந்தக் கதையில் வராது. அந்தக் குழந்தையைத் தூக்கியிருக்கலாம் என்று எனக்கும் தோன்றுகிறது. சோபாவில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்வது சுலபம் என்பதும் தெரிகிறது.

என்னைப் பொறுத்தவரை இன்னும் கடினமான கேள்வி 1971 டிசம்பரில் டாக்காவில் எழுந்தது. வங்கதேச விடுதலைப் போர் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஒரு பொதுக்கூட்டத்தின் முடிவில், பாகிஸ்தான் ராணுவத்துக்கு உதவியவர்கள் என்று குற்றம் சாட்டிச் சிலரைக் கெரில்லாக்கள் எல்லோர் கண்முன்னே துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். அங்கிருந்த வெளிநாட்டுப் படக்காரர்களில் சிலர், கேமராவுக்காகத்தான் இது நடத்தப்படுகிறது, நாம் போய்விட்டால் ஒருவேளை நின்றுவிடும் என்று நினைத்து விலகிப்போனார்கள். ஹோர்ஸ்ட் ஃபாஸும் மிஷேல் லோரானும் நின்று எடுத்தார்கள். 1972இல் அந்தப் படங்களுக்குப் புலிட்சர் கிடைத்தது.

யார் செய்தது சரி? விலகியவர்களின் மனசாட்சியை நான் மதிக்கிறேன். ஆனால் கொலை நிற்கவில்லை. எல்லோரும் போயிருந்தால் அந்த மனிதர்களின் கடைசி நிமிடங்களுக்குச் சாட்சியே இல்லாமல் போயிருக்கும். அதே சமயம், கேமரா இருக்கிறது என்பதற்காகவே ஒரு கொலை நடக்கும் என்றால், அங்கே கேமரா வெறும் சாட்சியாக மிஞ்சுவதில்லை. இன்றைக்கு ஆயுதக் குழுக்கள் தாங்களே வீடியோ எடுத்துப் பரப்புகின்றன. அதை நாம் அடுத்தவருக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும் டாக்காவின் அந்தக் கேள்வி நம்மிடம் வருகிறது.

படமெடுத்த பிறகு செய்யக் கூடாதவற்றில் பெரிய குழப்பம் இல்லை. 1945 மே மாதம் பெர்லின் நாடாளுமன்றக் கூரையில் சோவியத் கொடி ஏறும் படத்தில், ஒரு சிப்பாயின் இரண்டு மணிக்கட்டிலும் கடிகாரம் இருந்தது. கொள்ளையடித்தது என்று சொல்லிவிடுவார்களே என்று யெவ்கெனி கால்தேய் ஒன்றை நெகட்டிவிலேயே ஊசியால் சுரண்டி எடுத்தார். இன்று அப்படிச் செய்தால் வேலை போகும். சிரியாவில் எடுத்த ஒரு படத்தின் ஓரத்தில் கிடந்த சக ஊழியரின் வீடியோ கேமராவை அழித்ததற்காக, புலிட்சர் வாங்கிய ஒருவரோடு 2014இல் அசோசியேட்டட் பிரஸ் உறவை முறித்துக்கொண்டது. அழிக்கப்பட்டது அற்பமான பொருள்தான். ஆனால் சாட்சி ஒரு சின்னப் பொய் சொல்லிப் பிடிபட்டால், அவர் சொன்ன பெரிய உண்மைகளையும் யார் நம்புவார்கள்?

யாருடைய பிணம்?

நான் கவனித்துவரும் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். நம் பத்திரிகைகளிலும் சரி, உலகப் பத்திரிகைகளிலும் சரி, தூரத்து மனிதர்களின் உடல்கள் தயக்கமில்லாமல் வருகின்றன. தம்மவர் இறந்தால் துணி போர்த்தப்படுகிறது, முகம் மறைக்கப்படுகிறது, சிரித்த முகத்தோடு பழைய படம் போடப்படுகிறது. ஆப்பிரிக்கக் குழந்தைக்கும் ஈராக்கியச் சிப்பாய்க்கும் அந்தத் துணி கிடைப்பதில்லை.

சில சமயம் நேர்மாறாகவும் நடக்கும். 1991 வளைகுடாப் போரின் முடிவில் கென்னத் ஜரெக் ஒரு படம் எடுத்தார். எரிந்த லாரியின் முன்கண்ணாடி வழியே வெளியேறப் பார்த்து, அப்படியே கருகிப்போன ஓர் ஈராக்கியச் சிப்பாய். அமெரிக்காவில் செய்தி முகமையே அதை விநியோகத்திலிருந்து எடுத்துவிட்டது. பிரிட்டனின் 'அப்சர்வர்' வெளியிட்டது. துல்லியமான குண்டுகள், சுத்தமான போர் என்று தொலைக்காட்சி காட்டிய கதைக்கு அந்த முகம் பொருந்தவில்லை. அங்கே மறைத்தது இறந்தவரின் மானத்தைக் காப்பதற்காகவா, பார்ப்பவரின் நிம்மதியைக் காப்பதற்காகவா?

குடும்பத்தின் பக்கமிருந்து பார்ப்போம். 2022 மார்ச் 6 அன்று, கீவ் அருகே இர்பின் நகரிலிருந்து தப்பி நடந்துகொண்டிருந்த மக்கள்மீது ரஷ்யப் படையின் மார்ட்டர் குண்டு விழுந்தது. ஒரு தாயும் அவருடைய இரண்டு பிள்ளைகளும், உடன் வந்த தொண்டர் ஒருவரும் இறந்தார்கள். சில அடி தூரத்தில் இருந்த லின்சி அடாரியோ எடுத்த படம் 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் வந்தது. வேறு ஊரில் இருந்த கணவருக்கு இணையத்தில் வந்த படங்கள் வழியாகத்தான் தெரிந்தது. முதலில் அவர் அடையாளம் கண்டது பயணப்பெட்டிகளை. ஒரு மனிதனுக்கு இப்படியா செய்தி போய்ச் சேர வேண்டும் என்று மனம் பதறுகிறது. ஆனால் இங்கே நடப்பது உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்று சொன்னவரும் அதே கணவர்தான். இன்னொரு குடும்பம் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விதியை யாராலும் எழுதிவிட முடியாது என்பதற்காக, கேட்கவே வேண்டாம் என்றாகிவிடாது.

சட்டம் தெளிவாக ஒரு கோடு போட்டிருப்பது போர்க்கைதிகள் விஷயத்தில். 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 13ஆவது பிரிவு, கைதிகளை அவமதிப்பிலிருந்தும் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்தும் காக்கச் சொல்கிறது. முட்டி போட்ட கைதியோடு செல்ஃபி எடுத்துப் போடும் சிப்பாய் இந்தப் பிரிவை மீறுகிறான்.

சாட்சியைக் கொல்வது

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் 1937இல் புகைப்படக்காரர் கெர்டா டாரோ இறந்தபோது அவருக்கு 27 வயதுகூட நிரம்பவில்லை. அவருடைய துணைவரும் புகைப்படக்காரருமான ராபர்ட் கேபா 1954இல் வியட்நாமில் கண்ணிவெடியில் கால்வைத்து இறந்தார். நமக்கு நெருக்கமான பெயர் டேனிஷ் சித்திக்கி. ரோஹிங்கியா மக்கள் மியான்மரிலிருந்து தப்பிவந்ததை ராய்ட்டர்ஸ் குழுவோடு எடுத்து 2018இல் புலிட்சர் பெற்றவர். படகில் கடலைக் கடந்து வங்கதேசக் கரைக்கு வந்த ஒரு பெண், குனிந்து, உள்ளங்கையால் ஈர மணலைத் தொடும் படம் அவருடையது. ரத்தம் இல்லை, பிணம் இல்லை. ஓர் இனமே விரட்டப்பட்டது அந்த ஒரு கையில் தெரிகிறது. 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டக்கில் அவர் கொல்லப்பட்டார்.

காசாவில் 2023 அக்டோபர் முதல் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் சுதந்திரமாக நுழைய இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. உலகம் பார்த்த படங்களை எடுத்தவர்கள் அங்கேயே வாழும் பாலஸ்தீனர்கள். தங்கள் வீடும் இடிந்து, தங்கள் உறவினரையும் புதைத்துவிட்டு வந்து படமெடுக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருக்கிறார்கள். 1977ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறை, போர்முனைச் செய்தியாளரைச் சாதாரணக் குடிமகனாக நடத்தச் சொல்கிறது. தாளில் அப்படித்தான் இருக்கிறது.

படமில்லாத போர்

சாட்சி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2008 செப்டம்பரில் ஐநா ஊழியர்களும் தொண்டு நிறுவனங்களும் வன்னியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். சுதந்திரமான செய்தியாளர்கள் உள்ளே விடப்படவில்லை. 2009 மே மாதம் போர் முடிந்தபோது வெளியே இருந்த உலகத்திடம் சில செயற்கைக்கோள் படங்களும், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அனுப்பிய சில படங்களும் மட்டுமே இருந்தன. எத்தனை பேர் இறந்தார்கள் என்பது இன்றுவரை தகராறு. நாற்பதாயிரம்வரை இருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்று ஐநா நிபுணர் குழு 2011இல் சொன்னது. இலங்கை அரசு ஏற்கவில்லை. நடுவே நின்று படமெடுக்க யாரையும் விட்டிருந்தால் இந்தத் தகராறில் பாதி இருந்திருக்காது.

பிறகு மெல்ல வெளியே வந்தவை, சிப்பாய்கள் தங்கள் மொபைலில் வெற்றிச் சின்னமாக எடுத்துவைத்துக்கொண்ட காட்சிகள். கட்டப்பட்ட கைதிகள், நிர்வாண உடல்கள், பின்னணியில் சிரிப்புச் சத்தம். பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பியது. போலி என்றது அரசு. ஐநா சிறப்பு அறிக்கையாளர் நியமித்த வல்லுநர்கள் உண்மையானதாகவே தெரிகிறது என்றார்கள். சிக்கந்தர் பாக்கின் முற்றம் மறுபடியும் கண்முன் வருகிறது. கொன்றவன் பெருமைக்காக எடுத்ததே அவனுக்கு எதிரான சாட்சியாகிறது. ஆனால் அந்தப் படங்களில் இருப்பவர்களின் தாய்மாருக்கு? என் நண்பன் ஒருவனின் சித்தி, காணாமல்போன மகனைத் தேடி அந்தக் காட்சிகளை ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்தார். அவன் இருக்கக் கூடாது என்றும் பார்த்தார், இருந்துவிட்டாலாவது தெரிந்துவிடும் என்றும் பார்த்தார். நாம் ஒரு நொடியில் தள்ளிவிட்டுப் போகும் படத்தை யாரோ ஒருவர் இப்படி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார். அனுப்பும் பொத்தானில் விரல் வைக்கும் முன் அவரை ஒருமுறை நினைத்துக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது. ஊரும் நாளும் தெரியாத படத்தை நான் யாருக்கும் அனுப்புவதில்லை.

கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் சாலையோரத்தில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு படம். அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது, பள்ளிச் சீருடையில் எடுத்தது, கல்யாணப் படத்திலிருந்து ஒருவரை மட்டும் வெட்டியெடுத்தது. ஸ்டூடியோவில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஏதோ ஒரு விண்ணப்பத்துக்காகவோ விசேஷத்துக்காகவோ எடுத்துக்கொண்டவை. மழைக்கும் வெயிலுக்கும் தாங்கட்டும் என்று லேமினேட் செய்திருக்கிறார்கள். அப்படியும் சில முகங்கள் வெளுத்துவிட்டன. ஆனால் என் அத்தை அன்று கேட்டதற்கு இந்தப் படங்களில் பதில் உண்டு. முகத்துக்குக் கீழே எழுதியிருக்கிறது: பெயர், வயது, கடைசியாகப் பார்த்த இடம், தேதி.